குஸ்கோ அட்மிரல் மாளிகையில் உள்ள இன்கா அருங்காட்சியகம்: இரண்டாம் முறை போவது தகுமா?

வழிநடை (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். பெரு நாட்டின் குஸ்கோ நகருக்கு நான் வந்து மூன்று நாள்கள் ஆகின்றன. நடுச் சதுக்கமான பிளாசா தெ அர்மாஸிலிருந்து வடகிழக்கே பிரியும் குறுகிய தெருவுக்கு ‘அட்மிரலின் ஏற்றம்’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ அல்தரெத்தே மால்தொனாதோ என்னும் எசுப்பானிய அட்மிரலுக்காகக் கட்டிய மாளிகை அங்கே நிற்கிறது. கடலே கண்ணில் படாத, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள மலையூரில் ஒரு கப்பற்படைத் தலைவருக்கு என்ன வேலை என்று எண்ணியவாறே மூச்சிரைக்க மேலேறினேன். அம்மாளிகையில்தான், சான் அந்தோனியோ அபாத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் இன்கா அருங்காட்சியகம் இயங்குகிறது.

வீட்டைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. குலச்சின்னங்கள் செதுக்கிய கல் நிலைவாயிலும், தூண் வரிசைகள் சூழ்ந்த முற்றமும், கற்பனை விலங்குகள் காவல் நிற்கும் அகன்ற படிக்கட்டும் சேர்ந்து நுழைந்தவுடனேயே மனத்தை நிறைத்துவிட்டன. மேல்மாடி மூலைச் சன்னலின் நடுத்தூண் அறைக்குள்ளிருந்து பார்த்தால் தாடி வைத்த ஆணாகவும், தெருவிலிருந்து பார்த்தால் ஆடையற்ற பெண்ணாகவும் தோன்றுகிறது. செதுக்கிய சிற்பி யாரைக் கேலி செய்தாரோ தெரியவில்லை.

காட்சிப் பொருள்கள்தாம் என்னை ஏமாற்றின. பொன் மிகக் குறைவு. சில அறைகளில் இருப்பவை இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பெருமையோடு வைத்திருக்கும் மரக்குவளைகளிலோ பல, எசுப்பானியர் வந்த பின்னர் வண்ணம் தீட்டப்பட்டவை என்று விளக்கப் பலகையே சொல்கிறது. விளக்கொளியும் போதவில்லை. முன்னே உள்ளவற்றையும் பின்னே வந்தவற்றையும் கழித்துவிட்டால் ‘இன்கா அருங்காட்சியகம்’ என்ற பெயருக்கு எஞ்சுவது என்ன? நாளை எனக்கு அரை நாள் மிச்சம் இருக்கிறது. இங்கேயே மறுபடியும் போவதா, காசா கொஞ்சா என்னும் மற்றோர் அருங்காட்சியகத்துக்குப் போவதா? அறிந்தவர்கள் கூற வேண்டும்.

கல்தச்சன்

பொன் ஏன் இல்லை என்பதற்கு விடை அந்த வீட்டுக்கு வெளியே இருக்கிறது. 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஹாமார்க்காவில் இன்கா அரசர் அதாவல்பா எசுப்பானியரிடம் பிடிபட்டபோது, தம்மை விடுவிக்க ஓர் அறை நிறையப் பொன்னும் அதைப்போல் இரு மடங்கு வெள்ளியும் தருவதாக ஒப்புக்கொண்டார். அவ்வாறே வந்து சேர்ந்த குடங்களும் தட்டுகளும் சிலைகளும், குஸ்கோவின் கொரிகாஞ்சா கோயில் சுவரிலிருந்து பெயர்த்த தகடுகளும் அந்த இடத்திலேயே உருக்கப்பட்டுப் பாளங்களாயின. பாளத்தை எடை போட்டுப் பங்கிடலாம். குடத்தை எப்படிப் பங்கிடுவது? அதாவல்பா 1533இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் குஸ்கோவும் எசுப்பானியர் கைக்குப் போனது. எனவே இன்காப் பொன்னைப் பார்க்க வேண்டும் என்று குஸ்கோவுக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவது இயல்பே.

நான் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவன். ஆகவே வீட்டைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். அம்மாளிகை இன்கா அடித்தளத்தின்மேல் எழுந்தது. நகரின் பழைய வீடுகள் பலவற்றுக்கும் இதுவே கதை: கீழே சாந்தின்றி இழைத்துப் பொருத்திய இன்காக் கல், மேலே பச்சைச் செங்கல் சுவர், அதற்கும் மேலே ஓட்டுக்கூரை. வெற்றி பெற்றவர்கள் சக்சாய்வமான் கோட்டையின் கற்களைக்கூடச் சரிவில் இறக்கிக் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். 1650ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் வந்தபோது நகரின் புதிய கட்டடங்கள் பெருமளவு சரிந்தன. அட்மிரலின் வீடும் சேதமுற்றுப் பின்னர் சீரமைக்கப்பட்டது. அடித்தளக் கற்களோ அசைந்து கொடுத்துவிட்டுத் தம் இடத்திலேயே அமர்ந்துகொண்டன. உட்புறம் சற்றே சாய்ந்த சுவர், ஒன்றையொன்று கவ்வி நிற்கும் பல முகக் கற்கள், இடையே உடைந்து உதிரச் சாந்து இல்லாமை ஆகியவையே இதற்குக் காரணம். 1950இல் மீண்டும் நிலம் நடுங்கியபோது, சாந்தோ தொமிங்கோ மடத்தின் எசுப்பானியச் சுவர்கள் இடிந்து, அவற்றுள் மறைந்திருந்த கொரிகாஞ்சாவின் இன்காச் சுவர்கள் வெளிப்பட்டன.

நண்பர் நாளை மீண்டும் போவதானால் உள்ளே நுழையுமுன் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரின் அடிப்பகுதியை முதலில் பார்க்கட்டும். இன்கா அறையின் முதல் காட்சிப் பொருள் அதுவே என்பது என் எண்ணம்.

சுவடி வாசகி

‘பின்னே வந்தவற்றைக் கழித்துவிட்டால்’ என்று வழிநடை எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள இயலவில்லை. கழிக்க வேண்டும் என்று அவர் கருதும் அந்த மரக்குவளைகளே அவ்வீட்டின் உயிர். அவற்றின் பெயர் கேரோ. உலகிலேயே பெரிய கேரோத் தொகுப்புகளுள் ஒன்று என்று அந்த அருங்காட்சியகத்தைச் சொல்வார்கள். நான் அங்கே சென்றிருந்தபோது மற்ற அறைகளை அரை மணியில் முடித்துவிட்டு, குவளைகளின் முன்னே இரண்டு மணி நேரம் நின்றேன்.

கேரோவை எப்போதும் இணையாகவே செய்தார்கள். மக்காச்சோளத்தை முளைகட்டிப் புளிக்கவைத்த சிச்சா என்னும் மதுவை இரண்டிலும் ஊற்றி, ஒன்றை விருந்தினருக்குக் கொடுத்து மற்றொன்றை விருந்தளிப்பவர் தாம் அருந்துவார். ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக் குடித்துவிட்டால் இருவருக்கும் இடையே கடமை உண்டாகிவிட்டது என்று பொருள். இன்கா அரசு நிலத்தையும் உழைப்பையும் மனிதரையும் கட்டி ஆண்டது பெரும்பாலும் இந்த வகைக் கொடுக்கல் வாங்கலால்தான். வில்கபம்பாவில் எசுப்பானியருக்கு அடங்காமல் ஆண்ட தித்து குசி யுபாங்கி 1570இல் சொல்லி எழுதுவித்த வரலாற்றில், தம் பெரிய தந்தை அதாவல்பா பொற்குவளையில் கொடுத்த சிச்சாவை எசுப்பானியர் குடிக்காமல் கீழே ஊற்றியதைக் குறிப்பிடுகிறார். நமக்கு அது ஒரு குவளை மது. அவருக்கோ, போர் மூண்டதற்கான முதற்காரணங்களுள் ஒன்று.

படையெடுப்புக்கு முந்திய கேரோக்களில் பெரும்பாலும் கோடுகளும் சதுரங்களும் கீறியிருப்பார்கள், உருவங்கள் அரிது. பொன்னாலும் வெள்ளியாலும் செய்த குவளைகள் உலைக்குப் போய்விட்டன. மரத்தை உருக்க முடியாதாகையால் மரக்குவளைகள் தப்பின. அதற்குப் பின் வந்த இரண்டு நூற்றாண்டுகளில்தான் அதே வடிவக் குவளையில் இன்கா அரசரும் அரசியும், மலர் ஏந்திய பெண்களும், இறகு சூடி வில்லேந்திய காட்டு மக்களோடு நடக்கும் போரும், பூனையினத் தலைகளின் வாயிலிருந்து எழும் வானவில்லும் வண்ணமாக வந்து குவிந்தன. உருவங்களுக்குக் கீழே தொகாபு எனப்படும் சதுரக் குறிகளின் வரிசை ஓடும். அரச ஆடையின் நெசவில் இருந்த அதே குறிகள்.

அந்த வண்ணம் பூசியது அன்று, பதித்தது. மோப்பா மோப்பா என்னும் செடியின் பிசினை மென்மையாக்கி, நிறப்பொடி கலந்து, மெல்லிய தோலைப்போல இழுத்து விரித்து, வேண்டிய வடிவில் வெட்டி, மரத்தில் முன்பே குடைந்த பள்ளத்தில் அழுத்தி ஒட்டுவார்கள். இப்பிசின் கிடைப்பது இன்றைய கொலம்பியாவின் தென்பகுதிக் காடுகளில். அங்குள்ள பாஸ்தோ நகரத்துக் கைவினைஞர்கள் இன்றும் இதே பிசினைப் பதமாக்கித் தோலாக இழுத்து விரிக்கும் தொழிலைக் கைவிடவில்லை.

ஆகவே அவை ‘இன்காக்களுக்குப் பிந்தியவை’ என்பது கணக்குக்குச் சரி. ஆனால் அரசு போய், பொன் போய், தெய்வங்களும் போன பின்னர், நாங்கள் இன்னார் என்று ஒரு மக்கள் தம் விருந்துக் குவளையில் பதித்து வைத்துக்கொண்டவை அவை. அவற்றை ‘இன்கா’ என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

தேர்முட்டி

சுவடி வாசகி அம்மையார் அருமையாக எழுதியிருக்கிறார். ஆயினும் ஒன்று கேட்கிறேன். அவர் இங்கே சொன்னதில் பத்தில் ஒரு பங்காவது அந்த அறையின் சுவரில் எழுதியிருந்ததா? நான் சென்றபோது பெரும்பாலான பொருள்களுக்குப் பெயரும் இடமும் தவிர வேறு விளக்கம் இருந்ததாக நினைவில்லை. இருந்தவையும் பெரும்பாலும் எசுப்பானிய மொழியில் இருந்தன. பிற மொழியினர் வீட்டுப்பாடம் படித்துக்கொண்டு வந்தால்தான் புரியும் என்றால், அது கிடங்கே அன்றி அருங்காட்சியகம் ஆகாது. வழிநடையின் ஏமாற்றத்தை அவருடைய அறியாமையாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம்.

மேலும், அங்கே குஸ்கோவுக்கு அருகிலுள்ள பிக்கியாக்டா என்னும் பழைய ஊரில் கிடைத்த பச்சைக்கல் உருவங்கள் நாற்பது இருக்கின்றன. விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சிற்றுருவங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலையணி, தனித்தனி உடை. இன்காக்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அம்மலைப்பகுதியை ஆண்ட வாரி மக்களின் வேலை அது. அவ்வளவு நுட்பமானவற்றை உருப்பெருக்கியின்றி, மங்கிய ஒளியில் வைத்திருந்தால் கூட்டம் நிற்காமல் கடந்து போவதில் வியப்பில்லை. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். காவலர் என்னை ஐயத்தோடு பார்த்தார்.

சுவடி வாசகி

தேர்முட்டி ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. விளக்கப் பலகைகளைக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால் அத்தொகுப்பு அங்கே இருப்பதே எப்படி என்று தெரிந்தால், ஒளி மங்கியிருப்பதைச் சற்றுப் பொறுத்துக்கொள்வீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் குஸ்கோவின் பெரிய தொகுப்புகள் தனியார் வீடுகளில் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது அனா மரியா சென்தேனோ அம்மையாரின் வீட்டுத் தொகுப்பு. வெளிநாட்டுப் பயணிகள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டே ஊர் திரும்புவார்கள். 1860களில் வந்த அமெரிக்கரான எஃப்ரைம் ஜார்ஜ் ஸ்கொயர் அங்கே ஒரு மண்டையோட்டைக் கண்டார். அதன் நெற்றியெலும்பில் நான்கு நேர்க்கோட்டு வெட்டுகளால் ஒரு சதுரத் துண்டு எடுக்கப்பட்டிருந்தது. அதை அவர் பெற்றுச் சென்று நியூயார்க்கில் காட்டியபோது, உயிருள்ள மனிதருக்குச் செய்த அறுவை என்பதை அங்கிருந்த மருத்துவர்களுள் பலர் நம்பவில்லை. பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா 1867இல் ஆராய்ந்து, வெட்டியபின்னும் அம்மனிதர் சில நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்று எடுத்துரைத்த பிறகே பண்டைய மண்டையோட்டு அறுவை பற்றிய ஆய்வு சூடு பிடித்தது. நீங்கள் மாடியில் பார்த்த துளையிட்ட மண்டையோடுகள் அந்த வரிசையைச் சேர்ந்தவை. குஸ்கோவைச் சுற்றிக் கிடைத்த இன்காக் காலத்து மண்டையோடுகளில் பெரும்பாலானவற்றின் விளிம்பு எலும்பு ஆறிக் கூடியிருப்பதால், அறுவைக்கு உள்ளானவர்களில் பெரும்பான்மையோர் பிழைத்தனர் என்று பின்னைய ஆய்வுகள் காட்டுகின்றன.

சென்தேனோ அம்மையார் இறந்தபின் அவருடைய தொகுப்பு 1888இல் பெர்லினுக்கு விற்கப்பட்டது. எமிலியோ மோன்தேஸ் என்பவரின் தொகுப்பு 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டிச் சிகாகோவுக்குப் போய், ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு உடைமையானது. மூன்றாவது, ஹோசே லூக்காஸ் கப்பாரோ முனீஸின் தொகுப்பு. அதை 1919இல் குஸ்கோ பல்கலைக்கழகம் வாங்கியது. அப்போது அப்பல்கலைக்கழகத்தை நடத்தியவர் ஆல்பர்ட் கீசெக் என்னும் அமெரிக்கர். தம் நாட்டவர் அள்ளிப் போவதைக் கண்டுவந்த ஒருவரின் காலத்தில் இது நடந்தது என்பதை நான் விரும்பி நினைப்பதுண்டு. இன்றைய இன்கா அருங்காட்சியகம் அந்தக் கொள்முதலில் தொடங்கியது. ஊரைவிட்டுப் போகாமல் நின்ற தொகுப்பு என்பதே அதன் பெருமை.

மேற்குவாசல்

ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்த தொகுப்பும் ஒன்று உண்டு. அதற்காகவே காசா கொஞ்சாவுக்குப் போகலாம் என்பது என் பரிந்துரை. அதுவும் மார்க்கீஸ் என்னும் பிரபுப் பட்டம் பெற்ற ஒரு குடும்பத்தின் காலனிய மாளிகை. இன்கா அரசர் துபாக் இன்கா யுபாங்கியின் அரண்மனை வளாகம் என்று கருதப்படும் இடத்தில், இன்காச் சுவர்களை உள்ளடக்கி நிற்கிறது. அட்மிரல் மாளிகையை நடத்தும் அதே பல்கலைக்கழகம்தான் இதையும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அமைத்தது.

யேலைச் சேர்ந்த ஹிராம் பிங்கம் 1911இல் மாச்சு பிச்சுவை அடைந்து, 1912இல் அகழ்ந்தெடுத்த பொருள்களை யேலுக்குக் கொண்டுபோனார். ஆய்வுக்காக எடுத்துச் சென்றவை திரும்ப வேண்டும் என்று பெரு கேட்டது, நூறாண்டு வாதாடியது, 2008இல் அமெரிக்க நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. 2010 நவம்பரில் உடன்பாடு எட்டப்பட்டு, 2011 மார்ச்சில் முதல் தொகுதியும் 2012 நவம்பரில் கடைசித் தொகுதியும் நாடு திரும்பின. அங்கேயும் பொன்னைத் தேட வேண்டாம். பானைகள், வெண்கல ஊசிகள், கருவிகள், எலும்புகள்: ஓர் அரசத் தோட்ட மாளிகையில் ஊழியம் செய்தவர்களின் உடைமைகள். கல்லறைகளில் இருந்தவர் பெரும்பாலும் பெண்கள் என்று பிங்கமின் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஈட்டன் கணித்ததால் ‘சூரியக் கன்னியர்’ கதை பிறந்தது. அதே எலும்புகளைப் பின்னாளில் ஜான் வெரானோ மறுபடி ஆராய்ந்தபோது ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தது தெரிந்தது. 2021இல் வெளியான கதிர்க்கரிமக் கணிப்பு, அங்கே மக்கள் வாழத் தொடங்கியது முன்பு கருதியதைவிட முன்னதாக, 1420 அளவிலேயே என்று காட்டியது. இத்தகைய திருத்தங்களை நிதானமாக விளக்கியிருக்கிறார்கள். ஒளியும் போதுமானது. தேர்முட்டி மண்டியிட வேண்டியிராது.

ஆடிப்பெருக்கு

மம்மி அறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டி, துணியில் சுற்றிய உடல்களை அட்மிரல் மாளிகையில் ஒரு கல்லறைபோல அமைத்த அறையில் வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே நிற்க மனம் ஒப்பவில்லை. இறந்த அரசரை இன்காக்கள் புதைத்து மறந்துவிடவில்லை. விழாக்களில் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து, உணவு படைத்து, அவருக்கும் கேரோவில் சிச்சா ஊற்றினார்கள். குஸ்கோவின் எசுப்பானிய அதிகாரி போலோ தெ ஒந்தேகார்தோ 1559இல் அந்த அரச உடல்களைத் தேடிப் பிடித்தார்; பின்னர் அவை லிமாவுக்குப் போயின. இன்கா அரசகுலத் தாய்க்கும் எசுப்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ, 1560இல் எசுப்பானியாவுக்குப் புறப்படுமுன் அவற்றைக் கண்டு, அரசர் வைனா கப்பாக்கின் விரல் ஒன்றைத் தொட்டுப் பார்த்ததாகவும், அது மரம்போல் விறைத்திருந்ததாகவும் எழுதினார். தொட்டவர் அவர்களின் உறவினர். கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்த நான் யார் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்தச்சன்

ஆடிப்பெருக்கின் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் தலை நீளமாகும்படி குழந்தைப் பருவத்திலேயே கட்டிய மண்டையோடுகளும், ஆறிக் கூடிய அறுவைத் தழும்புகளும் அங்கே இல்லாவிட்டால், அம்மக்களின் மருத்துவம் வெறும் கேள்விச் செய்தியாகவே நின்றிருக்கும். முழு உடல்களைத் திரைக்குப் பின்னே வைத்து, விரும்புபவர் மட்டும் நுழையும்படி செய்யலாம் என்பேன்.

வழிநடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் நன்றி. காலையில் காசா கொஞ்சாவுக்குப் புறப்பட்டவன், சதுக்கத்தைத் தாண்டும்போது மனம் மாறி மீண்டும் அந்த ஏற்றத்திலேயே ஏறினேன். தனி நுழைவுச்சீட்டு என்பதால் இரண்டாம் முறையும் காசு கொடுத்தேன். மேற்குவாசல் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

கல்தச்சன் சொன்னபடி முதலில் வெளியே சுற்றினேன். பிறகு நேராகக் குவளைகளிடம் சென்றேன். நேற்று ஒரே நிறத்துக் கட்டைகளாகத் தெரிந்தவற்றில், இன்று ஒரு குவளையைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோது, பிசின் பதிந்த விளிம்புகளும், ஓரிடத்தில் பிசின் உதிர்ந்து வெறும் பள்ளம் மட்டும் ஒரு பெண்ணின் கையிலுள்ள மலரின் வடிவில் நிற்பதும் தெரிந்தன. இன்னொன்றில் போர், இறகு சூடியவர்கள் ஒரு புறம், கேடயம் ஏந்திய இன்காக்கள் மறு புறம். வாய் விளிம்பில் வண்ணம் தேய்ந்து மரம் பளபளத்தது. அது உதடு பட்டுத் தேய்ந்த இடமாக இருக்க வேண்டும். எத்தனை விருந்துகள் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த அறையில், 18ஆம் நூற்றாண்டில் இன்கா மரபு உடையோடு வரையப்பட்ட உயர்குடியினரின் ஓவியங்களையும் இம்முறை வேறு கண்ணோடு பார்த்தேன். எசுப்பானியருக்கு எதிராகக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவை 1781 மே மாதம் இந்த மாளிகைக்குக் கீழேயுள்ள அதே சதுக்கத்தில் கொன்ற பிறகு, இன்கா உடையையும் இன்கா அரசர்களின் ஓவியங்களையும் எசுப்பானிய அரசின் உயர் அதிகாரி அரெச்சே தடை செய்தார் அல்லவா? அப்படியானால் சுவரில் தொங்குபவை தடைக்குத் தப்பியவை. பெயரைப் பற்றி நான் எழுப்பிய கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; ஒளியைப் பற்றிய குறையைப் பெற்றுக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் சுவடி வாசகி அம்மையாரிடம் கேட்க வேண்டும். இணையாகச் செய்தார்கள் என்று எழுதினீர்கள். நான் பார்த்த பேழையில் பெரும்பாலான குவளைகள் ஒற்றையாகவே நின்றன. மற்றவை எங்கே?

சுவடி வாசகி

சில உடைந்திருக்கும், சில இன்னும் மலையூர் வீடுகளில் திருவிழாவுக்கு வெளியே வரும். சில, நான் முன்பு சொன்ன தொகுப்புகளைப்போலவே கடல் கடந்தன. பெர்லினிலும் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஒற்றைக் குவளைகள் இருக்கின்றன. எது எதற்கு இணை என்று பொருத்திப் பார்ப்பது எளிதன்று; ஒரே மரத்தில் கடைந்திருந்தாலும் மேலிருக்கும் படம் சற்று மாறும்.

முற்றத்தில் நெய்பவர்களைப் பார்த்தீர்களா?

வழிநடை (இழையைத் தொடங்கியவர்)

பார்த்தேன், அம்மா. இடுப்பில் கட்டிய தறியோடு தரையில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தவரிடம் கைப்பட்டை ஒன்று வாங்கினேன். அதன் ஓரத்துச் சதுரங்கள் தொகாபுவா என்று என் அரைகுறை எசுப்பானியத்தில் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, இல்லை, அது வயல் என்றார்.